அடுத்தவன் பெயரில் உடைந்த முட்டி

மெக்கானிக்குக்குத் தன் தங்கச்சி புருஷன்மேல் இருக்கும் கோபம் இன்று நேற்று முளைத்ததல்ல. வருஷக்கணக்காக நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது. லாரிக்கு அடியில் படுத்திருக்கும்போது அந்த நினைப்பு வந்துவிட்டால் ஸ்பானரை ஒரு சுற்று அதிகமாகவே திருகிவிடுவார். கேட்பவர்களிடம் அவர் சொல்வது இதுதான்.

"பல்லியைப் பார்த்தா நாற்காலி மேல ஏறி நிக்கிற ஆளுய்யா அவன். லிஃப்ட்டுக்குப் பயந்துக்கிட்டு சிமென்ட் மூட்டையைத் தோள்ல வச்சு மாடிமாடியா படியேறுவான். அப்படிப்பட்டவன், பயந்து வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டிய ஒரே ஒரு நேரத்துல பயப்படாம போயிட்டான். அன்னைக்கு விழுந்தது என் தங்கச்சி குடும்பம்."

தங்கச்சி இப்போது ஒரு சலவைக் கம்பெனியில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். மெக்கானிக் அவளைப் பார்க்கப் போவார், பிள்ளைக்கு ஏதாவது வாங்கிப் போவார். ஆனால் அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போவார்.

அவனை எல்லோரும் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். டைல்ஸ் ஒட்டுகிறவன். காலையில் முட்டி போட்டால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். "சாமி முன்னால முட்டி போட்டதைவிட அடுத்தவன் வீட்டு பாத்ரூம்ல முட்டி போட்டதுதான் அதிகம்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் மனுஷன் பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். நெஞ்சில் வாயு பிடித்தாலும் போய்ச் சேரப் போகிறோம் என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வான்.

பெண் கேட்க வந்த கதை இன்னும் வேடிக்கை. நேரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். ஓடிக்கொண்டிருந்த லாரி என்ஜினுக்குப் பக்கத்தில் நின்று, அந்த இரைச்சலிலேயே வாயசைத்தான். மெக்கானிக் என்ஜினை நிறுத்திவிட்டு "என்னய்யா சொன்ன?" என்றார். "ஒண்ணும் இல்லைங்க, ஆயில் மாத்தணும்" என்றான். அவனிடம் வண்டியே கிடையாது. அந்த முழியைப் பார்த்தே மெக்கானிக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பெண் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பயமெல்லாம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. மெக்கானிக்தான் ஃபுட்பால் டீமுக்குக் கேப்டன். பஸ் கண்டக்டர், கசாப்புக்கடைக்காரர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் என்று வாரம் பூராவும் உழைத்துக் களைத்த ஆட்கள் கூடி ஆடுகிற டீம். பூனை கோல்கீப்பர். எதிராளி ஆணி வைத்த பூட்ஸோடு பாய்ந்து வரும்போது, கண்ணைக்கூட இமைக்காமல் அந்தக் காலுக்கடியில் தலையைக் கொடுப்பான். விசில் ஊதினதும் பழையபடி, "மச்சான், கையில சின்னதா கீறல், செப்டிக் ஆயிடுமா?" என்று வந்து நிற்பான்.

இன்சூரன்ஸை டீமுக்குள் கொண்டுவந்ததே அவன்தான். பெயின்டருக்கு ஒரு மேட்சில் கணுக்கால் முறிந்தது. ஏணி ஏற முடியாதவனுக்கு எவன் பெயின்ட் வேலை கொடுப்பான்? கொஞ்ச நாளில் தன் ஏணியை விற்க அந்த ஆள் பூனை வீட்டு வாசலிலேயே வந்து நின்றார். ஊன்றுகோல் ஒரு கக்கத்தில், ஏணி இன்னொரு கக்கத்தில். அன்றையிலிருந்து பூனைக்குச் சோறு இறங்கவில்லை. தன் முட்டியைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு திரிந்தான். அடுத்த வாரமே ஓர் ஏஜென்ட்டை மைதானத்துக்குக் கூட்டி வந்துவிட்டான்.

"ஆட்டத்துல அடிபட்டு வேலைக்குப் போக முடியலைன்னா, நீங்க திரும்ப வேலைக்குப் போற வரைக்கும் வாராவாரம் வீட்டுக்கு ஒரு தொகை வந்துரும்" என்றார் ஏஜென்ட். "லீக் மேட்ச்னாலும் சரி, டீம் பிராக்டிஸ்னாலும் சரி."

"ஆட்டம் தோத்தா ஏதாவது வருமா?" என்று கேட்டார் கசாப்புக்கடைக்காரர்.

"அதுக்கு வேற கம்பெனி பாருங்க. உங்க ஆட்டத்தைப் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

பூனை ஒருவரையும் விடவில்லை. "போட்டாச்சா, போட்டாச்சா?" என்று வீடு வீடாகப் போய் நச்சரித்தான். எலக்ட்ரீஷியன் இழுத்தடித்தபோது, "நீ ஏணியில நிக்கிறவன்டா, முதல்ல நீ போடு" என்று அவனை ஆபீஸ்வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். பூனை முட்டிக்குப் பூட்டு போட்டுவிட்டது என்று டீமே கேலி பேசியது. அவன் கவலைப்படவில்லை. ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று தங்கச்சி வந்து சொன்னாள்.

அப்புறம்தான் வந்தது வினை. ஒரு மேட்சில் கோட்டுக்கு வெளியே ஓடி வந்து பந்தைக் கையால் பிடித்துவிட்டான். ரெட் கார்டு. அடுத்த மேட்ச் ஆடத் தடை. அடுத்த மேட்சோ, தோற்றால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படுகிற மேட்ச். மாற்று கோல்கீப்பருக்குக் கடுங்காய்ச்சல். எலக்ட்ரீஷியனுக்கு அன்று ஒரு கட்டடத்தில் வேலை, வரவில்லை.

வராதவன் பெயரில் வந்தவன் இறங்குவது அந்த லீகில் எல்லா டீமும் செய்கிற காரியம்தான். ரெஃப்ரி பெயரைக் கூப்பிடுவார், கையைத் தூக்க வேண்டும், தீர்ந்தது கதை. முகத்தை யார் பார்த்தார்கள்? ஒருமுறை கசாப்புக்கடைக்காரர் காலேஜ் படிக்கிற ஒருத்தன் பெயரில் கையைத் தூக்கினார். "தம்பிக்குச் சீக்கிரமே நரைச்சிடுச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு ரெஃப்ரி விசிலை ஊதிவிட்டார். அப்படிப்பட்ட லீக். பூனை கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "நான் நிக்கறேன் மச்சான், எலக்ட்ரீஷியன் பேர்ல." சரி என்றார் மெக்கானிக்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். எதிராளி ஒருத்தன் தனியாகப் பந்தோடு வந்தான். பூனை பாய்ந்தான். பந்து அவன் நெஞ்சில் இருந்தது. வந்தவனின் முழங்கால் அவன் முட்டியில் இருந்தது. டைல்ஸை அளவு பார்த்து முறிக்கும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். மைதானத்தின் மறு கோடியில் நின்ற மெக்கானிக்குக்கே கேட்டது.

ரெஃப்ரி குனிந்து, "பேர் என்னப்பா?" என்றார். உயிர் போகிற அந்த வலியிலும் அவன் எலக்ட்ரீஷியன் பெயரைச் சொன்னான். மெக்கானிக்குக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. முட்டி இவனுடையது, உடைந்தது அவனுடையது என்றாகிவிட்டதே.

முட்டிச் சில்லு இரண்டாகப் பிளந்திருந்தது. தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. இனிமேல் முட்டி போட்டு உட்கார முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் கையைக் கழுவப் போய்விட்டார். தங்கச்சிதான் எல்லோருக்கும் தைரியம் சொன்னாள். "நல்லவேளை, இன்சூரன்ஸ் போட்டிருக்கோம்ணே." வாடகைக்காக வீட்டு ஓனரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். மேட்சுக்கு முன்னால் பிராக்டிஸில் விழுந்துவிட்டான் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். கம்பெனிக்கும் அதையே சொல்வது என்று மெக்கானிக் முடிவு கட்டினார். பிராக்டிஸுக்குத் தடை கிடையாது, பெயரும் எழுதுவதில்லை. ஒரே ஒரு பொய். சாட்சி அவரே.

மறுநாளே எலக்ட்ரீஷியன் வெளிறிப்போய் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடி வந்தான்.

"அண்ணே, என் கால் உடைஞ்சிருச்சாம்ணே. சூப்பர்வைசர் கேட்கறாரு. நான் ஏணி உச்சியில நிக்கிறேன், கீழ இருந்து 'கால் தேவலையா'ங்கறாரு. எனக்கு அங்கேயே ஒரு ஆட்டம் ஆடிருச்சு."

"பேசாம நீயே இன்சூரன்ஸ் கேளுடா, வாங்கிப் பூனைக்குக் கொடுத்துரலாம்" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த கசாப்புக்கடைக்காரர்.

"அப்ப நானும் வீட்ல படுக்கணுமே! ஒரு காலுக்கு ரெண்டு குடும்பம் படுக்கறதாண்ணே?"

கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள் என்று தகவல் வந்தது. என்றைக்கு என்று சொல்லவில்லை. அதுதான் பூனையை அரித்துத் தின்றது. ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுக்கொண்டு திரையை விரலால் விலக்கித் தெருவையே பார்ப்பான். பையோடு ஒருத்தர் நடந்தால் போதும், கம்பெனி ஆள்தான். படியில் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொள்வான். தண்ணீர்க் கேன் போடுகிறவன் கதவைத் தட்டியதற்கு, "பிராக்டிஸ்ல விழுந்தேங்க" என்று பதில் சொன்னான்.

மெக்கானிக் தினமும் வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்ப்பார்.

"எப்ப விழுந்த?"

"மேட்சுக்கு முன்னாடி."

"யார் பார்த்தா?"

"நீங்க பார்த்தீங்க."

"சத்தமா சொல்லு மாப்ள. எலி கத்துற மாதிரி இருக்கு. பேரை மாத்திக்கலாமா?"

அவன் சிரிக்கவில்லை. "மச்சான், அவங்க கேமராவெல்லாம் வச்சிருப்பாங்களா? பொய்னு தெரிஞ்சா ஜெயிலா?" என்பான். அதட்டி அடக்கிவிட்டு வெளியே வரும்போது, மெக்கானிக்கும் தெருவை இருபக்கமும் ஒருமுறை பார்த்துக்கொள்வார். சாட்சி என்று ஒப்புக்கொண்டவர் அவர். ஒர்க்‌ஷாப் அவர் பெயரில் இருக்கிறது. மாட்டினால் யார் யாரெல்லாம் மாட்டுவோம் என்று யோசிக்க ஆரம்பித்தால் யோசனைக்கு முடிவே இருக்காது.

ஒரு மத்தியானம் வந்தே விட்டார்கள். வந்தது ஒரு பெண்மணி. மெக்கானிக் வயசுதான் இருக்கும். தோளில் ஒரு பை, கையில் குடை, அமைதியான முகம். மெக்கானிக் அதிர்ஷ்டவசமாக அங்கேதான் இருந்தார். தங்கச்சி, "டீ போடறேன், பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சந்தோஷமாகவே இறங்கி ஓடினாள்.

"பயப்படாதீங்க, ரெண்டு மூணு கேள்விதான்" என்றார் அந்தப் பெண்மணி. பயப்படாதீங்க என்று யாராவது சொன்னாலே பூனைக்குப் பயம் இரட்டிப்பாகும். கேள்விகளுக்கெல்லாம் மெக்கானிக்கே முந்திக்கொண்டு பதில் சொன்னார். பிராக்டிஸ், ஈரத்தரை, தாவினான், விழுந்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

பேனாவை மூடப்போனவர், நிறுத்தி, "அன்னைக்கு மேட்ச்ல நின்ன கோல்கீப்பருக்கும் முட்டியில அடியாமே" என்றார். "ஒரே நாள்ல ஒரே டீம்ல ரெண்டு முட்டி."

மெக்கானிக் சிரித்துப் பார்த்தார். "தரை ரொம்ப மோசம் மேடம்."

"அவரும் எங்ககிட்டதான் போட்டிருக்கார். ஆனா இன்னும் ஒண்ணுமே கேட்கலை. இப்ப எப்படி இருக்கார்?"

"படுத்துக் கிடக்கான் மேடம்." யோசிக்கும் முன்னால் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"அப்ப இங்கிருந்து நேரா அவரையும் பார்த்துட்டுப் போயிடறேன். வீடு பக்கம்தானே?"

வீட்டுக்குப் போனால் எலக்ட்ரீஷியன் பெண்டாட்டி, வேலைக்குப் போயிருக்கிறார் என்பாள். இரண்டு தெரு தள்ளி, ஏணி உச்சியில், நல்ல இரண்டு கால்களோடு நிற்கிறான் அவன். மெக்கானிக் பூனையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்த முகம் அங்கே இருந்தது. பூட்ஸ் பாய்ந்து வருகிறபோது இமைக்காத அந்தக் கண். அவர் கையை நீட்டித் தடுப்பதற்குள் அவன் பேசிவிட்டான்.

"அவன் படுக்கலைங்க. அவனுக்கு ஒண்ணும் ஆகலை. அவன் பேர்ல கோல்ல நின்னது நான்தான். உடைஞ்சது இது ஒண்ணுதாங்க." மாவுக்கட்டைத் தட்டிக் காட்டினான்.

"மாப்ள, மாத்திரை மயக்கத்துல எதையாவது…"

"மயக்கம் இல்லை மச்சான்."

அந்தப் பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னைக்கு நீங்க ஆடத் தடை இருந்ததா?"

"இருந்துச்சுங்க."

"நீங்க சொன்னதை அப்படியே சொல்லிடறேன். பணம் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்." குடையை எடுத்தார். கதவருகில் நின்று, "காலை இன்னும் கொஞ்சம் உயரத்தில வைங்க, வீக்கம் குறையும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கதவு சாத்தும்வரை பொறுத்திருந்தார் மெக்கானிக். "ஏன்டா?" என்றார். 'மாப்ள' என்ற மரியாதை போய்விட்டது. "ஏன்டா சொன்ன? நான் சமாளிச்சிருப்பேன்ல?"

"அவன் ஏணியில நிக்கிறவன் மச்சான்." பூனை பழையபடி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். "நாளைக்கு நெஜமாவே விழுந்தான்னு வைங்க. உனக்குத்தான் ஏற்கனவே உடைஞ்ச காலாச்சேன்னு கம்பெனியில கையை விரிச்சிடுவாங்க. அதை நினைச்சேன். பயமா இருந்துச்சு."

"விழாதவன் விழுந்துருவான்னு பயப்படறியே, இங்க விழுந்து கிடக்கிறது யாருடா? நாளைக்கு உன் வீட்ல உலை வைக்கிறது யாரு?"

கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கச்சி வேகமாக ஏறி வந்துகொண்டிருந்தாள். யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "ஆமாக்கா, வந்துட்டாங்க, இனிமே கவலையில்லை" என்று அவள் சொல்வது தெளிவாகக் கேட்டது.

பூனை மெக்கானிக்கின் கிரீஸ் படிந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், நீங்களே சொல்லிடுங்க. அவ கையில இருக்கறதைக் கீழ வைக்கட்டும். அப்புறம் சொல்லுங்க."