உப்பின் மேல் விழுந்த பழி

எங்கள் வீட்டில் ஏழெட்டு மாதம் உப்பில்லாமல்தான் சோறு வெந்தது. அந்தச் சோற்றையே தின்றுகொண்டு, சட்டியில் உப்பை அள்ளிக் கொட்டுகிறவள் என்ற பெயரையும் நான் சுமந்தேன். அந்தக் கோபம் இன்னும் எனக்கு முழுசாகத் தீர்ந்தபாடில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் என் வீட்டுக்காரர் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். காந்திபுரத்திலிருந்து அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம் போகிற வண்டி. நாங்கள் குடியிருந்தது சிங்காநல்லூரில். விடியும் முன்னே மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால் காலைச் சாப்பாடு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெஸ்ஸில்தான். ரெண்டு நாள் வண்டி, ஒரு நாள் ஓய்வு என்று காலம் போனது.

காய்ச்சல் என்று ஒருநாள் எங்கள் பக்கத்துத் தெரு லேடி டாக்டரிடம் போனார். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்த அந்தம்மா, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தரம் கட்டிப் பார்த்தாராம். காய்ச்சல் விட்டதும் வரச் சொன்னார். மறு வாரமும் வரச் சொன்னார். எப்போது போனாலும் பாதரசம் ஏறிய இடத்திலேயே நின்றதால், அப்புறம்தான் பிரஷர் என்று வாயைத் திறந்து சொன்னார். இவருக்கு நம்பிக்கை வரவில்லை. தலைவலி இல்லை, நெஞ்சு படபடப்பு இல்லை, உடம்பு கல்லுப் போல இருக்கையில் பிரஷர் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறார். இந்த நோவு சொல்லிக்கொண்டு வராது என்றும், கண்டுகொள்ளாமல் விட்டால் மூளையிலோ நெஞ்சிலோ சிறுநீரகத்திலோ போய் நிற்கும் என்றும் டாக்டர் பொறுமையாக விளக்கினாராம். காலையில் ஒரு மாத்திரை, பீடி கூடாது, உப்பு குறைய வேண்டும், மாதா மாதம் வந்து காட்ட வேண்டும். இதுதான் கணக்கு. மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெஸ்ஸில் சாப்பிட்டதும் போட்டுக்கொள்வதாகச் சொல்வார்.

பீடியை அன்றைக்கே விட்டார். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டால் செய்து முடிக்கிற ஆள். நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை, கூட இருக்கிறவர்களுக்குத்தான் உயிர் போகும். அவர் ஓட்டுகிற பஸ்ஸில் நான் ஏறினாலும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். கண்டக்டர் வேண்டாமென்று கையசைத்தாலும் இவர் கண்ணாடியில் முறைத்துக்கொண்டே இருப்பார்.

என் பங்குக்கு நானும் குறை வைக்கவில்லை. ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அப்பளம், வத்தல், கருவாடு எதுவும் வாசற்படி ஏறவில்லை. அரிசிம்பருப்புச் சோற்றைக்கூடப் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு உப்பில்லாமலே இறக்கினேன். பிள்ளைகள் மட்டும் தட்டில் தனியாகத் தூவிக்கொண்டார்கள். அவருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று இருக்க மனசில்லாமல் நானும் அதையே தின்றேன். நாக்கு செத்துப் போயிற்று.

ஆனால் பிரஷர் இறங்கவில்லை. மாதா மாதம் போய்விட்டு வருவார், மாத்திரை கூடியிருக்கும். ஒன்று ரெண்டாயிற்று, அப்புறம் வேறொரு நிறத்தில் ஒன்று சேர்ந்தது, அதுக்கும் மேலே நீர் பிரிகிற மாத்திரை ஒன்று வந்தது. வீட்டில் உப்பைக் குறைத்தார்களா என்று டாக்டர் கேட்டதாக ஒவ்வொரு தரமும் சொல்வார். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்ப்பார். நீ ஏமாற்றுகிறாய் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தப் பார்வைக்கு அவர் திட்டியே இருக்கலாம்.

ஒருநாள் மத்தியானம் கண்டக்டர் வீட்டுக்கு வந்தார். இவருடன் பல வருஷமாக ஒரே வண்டியில் போகிறவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. சத்தியமங்கலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எழுந்த என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டாராம். அது முதல் தடவையும் இல்லையாம். யாரிடமும் சொல்லாதே, முதலாளி காதுக்குப் போனால் சீட்டு கிழிந்துவிடும் என்று இவர் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆனாலும் மனசு கேட்காமல் என்னிடம் வந்துவிட்டார்.

இவர் வந்ததும் கேட்டேன். வெயில் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. வெளியே தெரிந்தால் வேலை போகும். தெரியாமலே இருந்து அன்னூர் ரோட்டில் ஓட்டும்போது தலை சுற்றினால் என்ன ஆகும்? அந்த மாசம் முழுக்கப் பயந்துகொண்டே கிடந்தேன். சத்தி பஸ் என்று யாராவது பேச்செடுத்தாலே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

அடுத்த தரம் போகும்போது சமையல் செய்கிறவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார் டாக்டர். விசாரணைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. போனவுடன் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். அன்றைக்குக் காலையில் இவருக்கு இட்லி வைத்தால் வேண்டாம் என்றார். மாத்திரை போட்டாச்சுங்களா என்றதற்கு, காட்டிவிட்டு வந்துதான் போட வேண்டும் என்றார். சர்க்கரைக்குத்தானே வெறும் வயிற்றில் போவார்கள், இதென்ன புதுசாக இருக்கிறது என்று நினைத்தபடியே கூடப் போனேன்.

டாக்டர் பட்டையைக் கட்டினார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, சாப்பாட்டைப் பற்றி மெதுவாகத்தான் ஆரம்பித்தார். எனக்கு மெதுவாக வரவில்லை. என் உப்பைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் இவர் மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று அவரைக் கேட்டார்.

இவர் கூச்சமே இல்லாமல், ஏதோ நல்ல காரியம் செய்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "இங்க வாரதுக்கு ரெண்டு மூணு நாளு முன்னாலயே நிறுத்திப்போடுவனுங்க. மருந்து ஒடம்புல இருக்கறப்பக் கையை நீட்டுனா அது மருந்தோட பிரஷருங்க. என்ற பிரஷர் எத்தனைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள ஏமாத்துன மாதிரி ஆயிருமுங்களே."

டாக்டர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் வரச் சொல்வதே என்று விளக்கினார். காட்ட வருகிற நாளில் மட்டும் இருந்த பிரஷருக்கு இத்தனை நாளாக மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம், மற்ற நாளில் அத்தனையும் சேர்ந்து பிரஷரைக் கீழே தள்ளியிருக்குமே என்றார். சொல்லிவிட்டு, மாத்திரை போட்ட நாளில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் இவர்.

எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் சொன்ன முதல் பொய் அதுதான். என்னைப் பார்க்காமல் சொன்னார். வேலை போனால் போகட்டும் என்று அந்த நொடியில் தோன்றியது. கண்டக்டர் வந்ததையும் சொன்னதையும் ஒன்று விடாமல் டாக்டரிடம் சொல்லிவிட்டு இவர் பக்கம் திரும்பினேன்.

"டாக்டரம்மாவ ஏமாத்தக் கூடாதுன்னு இருந்தீங்க, சரி. பஸ்ஸுல ஏறி ஒக்காந்திருக்கறவங்கள மட்டும் ஏமாத்தலாமுங்களா?"

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. நானே கொஞ்சம் ஆடிப்போனேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் மூன்றாம் மனுஷி முன்னால் அவரை அப்படிக் கேட்டதில்லை.

டாக்டர் மாத்திரையைக் குறைத்து எழுதினார். தினமும் போட வேண்டும், இங்கே வருகிற அன்றும் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும், தான் சொல்லும் வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். இவர் வெளியே வந்து மொபெட்டில் என்னை வீட்டில் இறக்கிவிட்டார், உள்ளே வரவில்லை. நேராக முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தார். வேறொரு டிரைவரை ஏற்றிக்கொள்வதாகச் சொன்ன முதலாளி, இவரைத் திரும்ப எடுப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் இருந்தார். டாக்டரிடம் அடிக்கடி போனோம், மாத்திரை போட்டுவிட்டு. உட்கார வைத்துப் பார்ப்பார், உடனே எழுந்து நிற்க வைத்தும் பார்ப்பார். என்னிடம் இவர் அதிகம் பேசவில்லை. கோபமா, வெட்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. இதற்கிடையே முதலாளி, டாக்டர் சரி என்றால் வரச் சொல்லி கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒருநாள் உட்கார்ந்தபோதும் நின்றபோதும் பிரஷர் சரியாகவே இருந்தது. எத்தனை இருக்கிறது என்று எப்போதும் முதலில் கேட்கிறவர் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, எனக்குப் பின்னால ஆளுகள ஒக்கார வெச்சு ஓட்டலாமுங்களா?"

ஓட்டலாம், மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்றார் டாக்டர். இவர் எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்ற அம்மிணி? ஓட்டட்டுமா?"

வண்டி ஓட்டுவதைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. ஓட்டுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.