அம்மா சொன்ன ஒரே சாட்சி

அம்மா இல்லாத முதல் ஆண்டை ஆண்டவர் எங்களைக் கடக்கப்பண்ணியிருக்கிறார். இன்று எங்களோடு ஜெபிக்க வந்திருக்கும் உங்களுக்கு, அம்மாவைப் பற்றி நீங்கள் பாதி மட்டுமே கேள்விப்பட்டிருக்கும் ஒன்றை முழுதாகச் சொல்ல விரும்புகிறேன்.

கடம்பத்தூர் பக்கத்தில் நெல் பயிரிடும் குடும்பத்தில் அம்மா பிறந்தார். அப்பாவின் மறைவுக்குப் பின் என்னையும் தம்பியையும் கும்மிடிப்பூண்டிக்கு அழைத்து வந்து, ஒரு பிளாஸ்டிக் பைப் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்தபோதுதான் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் இயல்பிலேயே பயந்தவர். சொந்தக்காரர் கண்ணில் படாதபடி, பைபிளைச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டுதான் சபைக்குப் போவார். ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வார். "எனக்கு நாக்கே எழாது பாஸ்டர், உட்ருங்க" என்பார்.

ஒடிசாவிலிருந்து வந்த மமதா என்ற இளம்பெண் அம்மாவுடன் வேலை செய்தாள். அம்மாவை 'மௌசி' என்பாள். அவர்கள் மொழியில் சித்தி. வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று, ஓடும் பெல்ட்டின் மேலிருந்த கம்பி மூடியைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். ஒரு காலை அவள் துப்பட்டா பெல்ட்டில் சிக்கியது. 'மௌசி' என்று கூப்பிட்டாள். அம்மா ஓடி இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரணைக்கு அதிகாரி வருமுன் சூப்பர்வைசர் அம்மாவிடம் வந்தார். "நீ ஒண்ணும் பாக்கல, இன்னா? அந்தப் பொண்ணு அஜாக்கிரதையா இருந்துச்சுன்னு நாங்க சொல்லிக்கிறோம். உன் புள்ளயும் இங்கதான வேல செய்றான்?"

அதிகாரி கேட்டபோது அம்மா, "நான் பாக்கல சார்" என்றார்.

அதன்பின் அம்மா அடிக்கடி திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். குழாயடியில், அடுப்படியில், ரயில்வே கேட்டில். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நான் துப்பட்டா போட்டுக்கொண்டு எதிரே வந்தால் முகம் வெளுத்துவிடும். "அத்த எடுத்துடு கண்ணு" என்பார். ஞாயிறு ஆராதனையில் திருவிருந்துக்கு முன்பே எழுந்து வெளியே போய்விடுவார்.

சில வாரங்கள் கழித்து மமதாவின் தகப்பனார் வந்தார். ஷிப்ட் முடிந்து எல்லோரும் வெளியேறும் நேரம், மகளின் துணிப்பையை மடியில் வைத்தபடி கம்பெனி வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டதை அவர் ஊர்க்காரர் ஒருவர் தமிழில் சொன்னார்: "பொண்ணு கடசியா யாரையாச்சும் கூப்டுச்சான்னு கேக்குறாரு."

சூப்பர்வைசரும் அங்கேதான் நின்றார். அம்மா, பக்கத்தில் நின்ற தம்பிக்குக் கேட்கும்படி, "ஆண்டவரே, பயமா கீது" என்று முணுமுணுத்தாராம். பிறகு முன்னே போனார்.

"என்னத்தான் கூப்டுச்சு. நான் பாத்தேன். பாக்கலன்னு பொய் சொல்லிட்டேன். மூடிய கழட்ட சொன்னதே இவங்கதான்."

"இன்னாமே பேசற நீ? உள்ள வா!" என்று சூப்பர்வைசர் கத்தினார். அம்மா உள்ளே போகவில்லை. மறுநாள் அந்தத் தகப்பனாரோடு அதே அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அம்மாவுக்கும் தம்பிக்கும் வேலை போனது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அழைத்தபோதெல்லாம் அம்மா போய் நின்றார். கடைசியில் மமதாவின் குடும்பத்துக்கு நியாயம் கிடைத்தது. வாசலில் பேசிய அந்த வார ஞாயிறன்றே அம்மா திருவிருந்துக்கு முழங்கால்படியிட்டார்.

'மௌசி' என்று கூப்பிடும் அந்தக் குரல் நின்றுவிட்டதா என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன்.

"இல்ல கண்ணு. அது நிக்காது. இப்போ 'இன்னாம்மா'ன்னு பதில் சொல்றேன், அவ்ளோதான்."

கடைசி நாட்களில், செவ்வாப்பேட்டையில் தம்பி வீட்டில் படுத்திருந்தபோதும் கதவுப் பக்கம் பார்த்து அப்படிச் சொல்வார். நாங்கள் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டோம். முதலில் எங்களுக்கு உடல் சிலிர்க்கும். பிறகு கதவைத் திறந்தே வைக்கத் தொடங்கினோம்.

வேலையிழந்த காலத்தில் எங்களுக்குச் சோறு போட்ட சபையாருக்கும், மாறி மாறிக் கண்விழித்த சகோதரிகளுக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகருக்கும் எங்கள் நன்றி. மமதாவின் தகப்பனார் இன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. யாராவது அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.