கட்டில் காலில் கட்டிய டியூப்

மில்லில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் பயிற்சி சொல்லித் தந்தார். பழைய சைக்கிள் டியூபை வெட்டி, ஒரு முனையைக் கணுக்காலில் மாட்டிக்கொண்டு காலை நீட்டி இழுக்க வேண்டும். "மறுமுனைய வீட்ல யாரையாவது பிடிச்சுக்கிடச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

ராஜபாளையத்தில் என் வீடு என்பது மில்லுக்குப் பின்னால் ஓர் அறை. மனைவி போன பிறகு அங்கே நான் மட்டும்தான். பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். 'என் காலைப் பிடித்து இழுங்க' என்று இன்னொரு மனுசனிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுமுனையைக் கட்டில் காலில் கட்டினேன், அதுவும் மில்லில் பொதி கட்டுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். ஷிப்ட் முடிந்து வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பேன். வலி கூடிக்கொண்டே போய், கடைசியில் படி ஏற முடியவில்லை. டாக்டரைத் திட்டிக்கொண்டே மறுபடி அவரிடம் பஸ்ஸில் போனேன்.

"டியூப யாரு பிடிச்சா?" என்று கேட்டார்.

"கட்டில்தான்."

அவர் சிரிக்கவில்லை. "கட்டிலுக்கு உங்க மூஞ்சி தெரியுமா அண்ணாச்சி? வலிச்சா அது லூசு விடுமா?"

அவரே தரையில் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்தார். நான் முகம் சுளித்த உடனே டியூப் தளர்ந்தது. செத்த நேரம் அப்படியே செய்தோம். வலிக்கவேயில்லை.

"இம்புட்டுத்தான். வீட்ல காட்டிக் குடுங்க."

சரி என்றேன். டியூபைச் சுருட்டிப் பைக்குள் வைக்கும்போது, அவர் பிடித்திருந்த முனை மட்டும் இன்னும் சூடாக இருந்தது.