ஐயாவின் ஒற்றைச் சொல்

படுத்த படுக்கையாகிவிட்டவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. பயம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். பஸ் ஓட்டுகிற புருஷன் அவளைக் கேலியாகக் ‘கல்லு’ என்றுதான் கூப்பிடுவான். அப்படிப்பட்டவளையே அந்த மாடி வீடு அசைத்துப் பார்த்துவிட்டது.

வீட்டுப் பெரியவர் கடல் தாண்டி வந்து குடியேறியவர். கப்பலில் சமையல்காரராக இருந்து நாலு பாஷை பேசியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததோடு பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "வா."

முதலில் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஓடி ஓடிப் போனாள். ஆனால் அவர் பார்த்தது அவளை இல்லை. மத்தியானம் கஞ்சி குடித்து முடித்ததும், வாசல் கதவையே பார்த்துக்கொண்டு "வா, வா" என்பார். பழைய சிநேகிதர் யாரையோ எதிர்பார்க்கிறார் போல, பாவம் என்று அவளுக்கு மனசு இளகிப்போயிற்று. மகன் வெளியூரில், மருமகள் ஆபீஸில். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

எழுந்துபோய்க் கதவை விரியத் திறந்தாள். வெறும் மாடிப்படி.

"வாங்க, உள்ள வாங்க. ஐயா எவ்வளவு நேரமா கூப்பிடறாரு," என்றாள், குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவதுபோல. ஒரு நாற்காலியும் இழுத்துப் போட்டாள். பெரியவரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்துத் துடைத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவர் கதவைப் பார்க்கவில்லை. போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, அந்த நாற்காலியைப் பார்த்து "வா" என்றார். இன்னும் கிட்டே வரச் சொல்கிறாராக்கும் என்று அவளும் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டில் பக்கம் நகர்த்தி வைத்தாள். கால் வலித்தாலும் தான் அதில் உட்காரவில்லை. ஏன் என்று யோசிக்கவுமில்லை.

ஒருநாள் மருமகள் தலைவலி என்று மத்தியானமே வந்துவிட்டாள். அவள் நம் பாஷைக்காரி, கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டவள். மாமனாரின் குரலைக் கேட்டதும் அறை வாசலிலேயே நின்றாள்.

"யாரைக்கா விரட்டறாரு?"

"விரட்டறாரா? கூப்பிடறாரும்மா."

"இல்லக்கா. அவங்க பாஷையில ‘வா’ன்னா ‘போ’ன்னு அர்த்தம்."

நாற்காலி கட்டிலை ஒட்டிக் கிடந்தது. அங்கே கொண்டுவந்து சேர்த்தது அவள் கைதான்.

மருமகள் மாத்திரை தேடிப் போனதும் நாற்காலி முன்னால் போய் நின்றாள். ஐயா அவர் பாஷையில் அத்தனை விரட்டியும் அசையாதது, இவள் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்படியென்றால் நம் பாஷைதான் அதற்குப் புரிகிறது. கையைக் கூப்பி மரியாதையாகவே சொன்னாள்.

"ஐயாவுக்கு முடியல. போயிட்டு வாங்க."

பெரியவரின் பார்வை நாற்காலியை விட்டுக் கிளம்பியது. மெதுவாக அலமாரி, சுவர், கதவு என்று நகர்ந்து போய் நின்றது. பெருமூச்சு விட்டுக் கண்ணயர்ந்தார்.

வீடு திரும்பி, சாப்பாடு போட்டுக்கொண்டே புருஷனிடம் சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"போன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே," என்றான் அவன்.

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட அப்படிச் சொல்ல வாய் வருமாங்க?"

சில நாள் பெரியவர் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் மறுபடி கதவைப் பார்த்தார். இந்தத் தடவை அவள் எழுந்திருக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்தாள். அவர் "வா" என்றார். அவளும், போ என்கிற அர்த்தத்தை மனசில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வா" என்றாள். பேசத் தெரிந்த நாளிலிருந்து சொன்ன சொல் ஆயிற்றே, நாக்கு ஒரு பக்கம் இழுத்தது, மனசு ஒரு பக்கம். வெளியே நிற்பது இரண்டில் எதைக் கேட்கும்?

பெரியவர் தலையைத் திருப்பினார். கதவை விட்டுவிட்டு முதல் தடவையாக அவளையே பார்த்து, ரொம்ப மெல்லிய குரலில் சொன்னார்: "வா."

அதுதான் கடைசி. அதோடு மூச்சும் அடங்கிவிட்டது. சாயங்காலம் மருமகள் வரும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.

உன்னைப் போகச் சொன்னாரா, வரச் சொன்னாரா என்று புருஷன் கேட்டான்.

"தெரியலைங்க," என்றாள். "நான் அங்கேயே இருந்துட்டேன்."