வெர்னாவின் ரத்தம்

கேப் பிரெட்டன் தீவின் வடகோடியில், நண்டு ஆலையில், வெர்னா எனக்குப் பக்கத்து மேசையில் நின்று ஓடு உடைப்பாள். சரியான வாய்க்காரி. மேற்பார்வையாளரே அவள் பக்கம் வராமல் சுற்றிப் போவார்.

முதலில் அவளுடைய இடது காலில் ரத்தம் உறைந்தது. நாளெல்லாம் சிமெண்ட் தரையில் நிற்பதால்தான் என்றார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் சரியாகிவிட்டது, நிறுத்தினார்கள். இலையுதிர்காலத்தில் வலது கால் வீங்கியது. மகளைப் பார்க்க ஹாலிஃபாக்ஸ் நகரம் வரை பல மணி நேரம் காரில் உட்கார்ந்து போய் வந்திருந்தாள். பழி காரின் மேல் விழுந்தது. மறுபடி மாத்திரை.

அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். நாங்கள் கேலி செய்தோம்.

"என்னடி, புதுசா எவனையாவது பிடிச்சிட்டியா? இடுப்பு இப்படி இறங்கிப்போச்சு."

"பிடிச்சாலும் ரேனல்டுக்குத் தெரியவா போகுது? டிவியில ஹாக்கி ஓடணும், சூப் சூடா இருக்கணும். அவ்வளவுதான் என் புருஷனுக்கு."

ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் அவள் ரொட்டியைப் பிரிப்பதே இல்லை. முதுகு குடைகிறது என்று சுவரில் சாய்ந்து நிற்பாள்.

ஜனவரியில், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கை வீங்கியது. எங்கள் ஊர் மருத்துவர் ஓய்வு பெற்றுப் போனபின் வேறு ஆள் வரவில்லை. எதற்கும் அவசரப் பிரிவுதான். ஒவ்வொரு தடவையும் புது முகம், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

"மாத்திரையை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார் அன்றிருந்த இளம் மருத்துவர்.

"நான்தான் தினமும் கையில எடுத்துக் குடுக்கிறேன்," என்றான் ரேனல்டு. "ஒருநாள்கூட விட்டதில்ல."

மாத்திரையை மாற்றி அனுப்பிவிட்டார்கள். அடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் நரம்பு ஒன்று கயிறு போலச் சிவந்து தடித்தது. அது அடங்குவதற்குள் தொடையில் ஒன்று. வெர்னா பயந்துபோனாள். அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை.

"உள்ள ஏதோ இருக்கு, மார்லின். அது என் ரத்தத்தைக் கெடுக்குது. சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க."

பனியில் என் காரிலேயே இருவரையும் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்குப் போகலாம் என்று செவிலி சொன்னதும், நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வேணும்னா போலீஸைக் கூப்பிடுங்க. என் வயித்துக்குள்ள பாக்காம நான் எந்திரிக்க மாட்டேன்." சத்தம் போடவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது. ரேனல்டு தொப்பியைக் கசக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

அன்று பணியில் இருந்தவர் ஓக்வான் என்ற வயதான மருத்துவர். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்: எடை, பசி, முதுகுவலி.

"மாத்திரை சாப்பிடும்போதே இப்படி இடம் மாறி மாறி உறையுதுன்னா, அதுக்குப் பின்னால ஏதாவது இருக்கலாம். சிலருக்குப் புற்றுநோய் இப்படித்தான் முதல்ல தலைகாட்டும். எல்லாருக்கும் இல்ல. ஸ்கேன் எடுத்துப் பாத்துடுவோம்."

கணையத்தில் இருந்தது. கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

"முதல்ல கால் வீங்கினப்பவே பாத்திருந்தா?" என்று கேட்டான் ரேனல்டு.

"தெரியல. அப்பவே பரவியிருக்கலாம். ஆனா ரெண்டாவது தடவை வந்தப்பவாவது யாராவது யோசிச்சிருக்கணும்."

 "நான் சொன்னேன்ல," என்றாள் வெர்னா, யாரையும் பார்க்காமல்.

ஒரேயொரு தடவை கீமோ ஏற்றினார்கள். அதற்குள் நுரையீரலிலும் ரத்தம் உறைந்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. போதும், வீட்டுக்குப் போகிறேன் என்று வந்துவிட்டாள். சமையலறை அடுப்புப் பக்கம் கட்டிலைப் போட்டோம். கடைசியாக நான் போனபோது கையைப் பிடிக்கப் போனேன்.

"பிடிக்காதடி, வலிக்குது. சும்மா பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தேன். வெளியே ரேனல்டு, காலையிலேயே வாரிச் சுத்தமாக்கியிருந்த வாசலில், இல்லாத பனியை மறுபடி வாரிக்கொண்டிருந்தான். மண்வெட்டி தரையில் உரசும் சத்தம் நிற்கவே இல்லை. வசந்தத்தில் நண்டுப் படகுகள் கடலில் இறங்குவதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.