பூனை வழிச் சொந்தம்

பார்வதி அக்காவின் வலைப்பூவை வாசித்த பெருமக்களே, உங்களில் ஒருவர்கூட நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்வேன் என்று சிவனொளிபாதமலை சாட்சியாகச் சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

போன வாரம் காலைப் பிளேன்டீயோடு அக்காவின் பக்கத்தைத் திறந்தேன். வழக்கமாகப் பூனைப் படம் இருக்கும் இடத்தில் ஒரு பெண்மணியின் படம். அக்காவின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கீழே மகள் எழுதியிருந்தாள்: "அம்மா நேற்று இறந்துட்டாங்க. நாளைக்கு வட்டகொடையில அடக்கம். கமெண்ட் போட்டவங்க எல்லாரும் வாங்க." அந்த நொடியில் எங்கள் நோர்வூட்டில் மழை பாதி வழியில் நின்றது. ஆறு திரும்பி மேலே ஓடியது. ஹட்டன் ரயில் ஊத மறந்தது.

அக்கா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தவர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் குழந்தைகள் அவர் பொறுப்பு. ஓய்வுக்குப் பிறகு பழைய போன் ஒன்றில் எழுதத் தொடங்கினார். எல்லாம் ஒரே பூனையைப் பற்றி. வாலைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் வேலையை மேற்பார்வை பார்ப்பதால் தோட்டத்து மேலதிகாரியைச் சொல்வதுபோல் அதற்குப் பெயர் கண்டாக்கு. "இன்னைக்கும் என்னை அதட்டுச்சு, சம்பளம் குடுக்குறது தான்தான்ங்கிற மாதிரி" என்று எழுதுவார்.

அதன் கீழே நான் என் பூனை சிங்காரத்தின் வீரத்தைப் பதிந்தேன். ஒரு சிறுத்தையை அது டிக்கோயா வரை துரத்திவிட்டு, வரும் வழியில் பஸ்ஸையும் முந்திக்கொண்டு வீடு வந்ததாக எழுதினேன். அக்காவின் பதில்: "சிறுத்தைக்கு அடி ஒண்ணும் படலியே?"

அன்றோடு நான் அவருக்கு அடிமை. சிங்காரமும் வளர்ந்தது. தோட்டத்துத் துரையே ஜீப்பை ஓரம் கட்டி அதற்கு வழிவிட்டார். எவ்வளவு அளந்தாலும் அக்கா கடைசியில் ஒன்றைத்தான் கேட்பார்: "சிங்காரம் சாப்பிட்டுச்சா?" நான் காய்ச்சலில் படுத்து எழுதாமல் இருந்தபோது, "அதுக்குச் சோறு வச்சிட்டு நீங்களும் சாப்பிடுங்க" என்றார். தனிக்கட்டையான என்னிடம் அதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

இதில் ஒரு சிறு சிக்கல். என்னிடம் பூனையே இல்லை.

வட்டகொடைக்குப் போகும் வழியெல்லாம் ஒரே கவலை. நம் பக்கத்துச் சாவு வீட்டில் முதலில் முறை கேட்பார்கள், பிறகுதான் நாற்காலி. வெள்ளைக் கொடிகளைத் தாண்டி வாசலுக்குப் போனதும் ஒரு பெரியவர் கேட்டே விட்டார்.

"எங்கேருந்துங்க வர்றீங்க? அம்மாவுக்கு என்ன முறை வேணும்?"

தம்பி என்றால் பொய். சிநேகிதர் என்றாலோ, நேரில் கண்டதே இல்லை.

"பூனை வழிச் சொந்தம்ங்க."

பெரியவர் சற்று யோசித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்ப இப்படி முன்னாடி உக்காருங்க."

அடக்கம் முடிந்ததும், பெரியவர் கைகாட்ட, மகள் என்னிடம் வந்தாள். "சிங்காரம் மாமாங்களா?" என்று கேட்டு, ஓட்டை போட்ட ஒரு அட்டைப்பெட்டியை என் கையில் வைத்தாள். உள்ளே கண்டாக்கு. சிங்காரம் பொல்லாதது, இதைக் கடித்துக் குதறிவிடும் என்று நான் உளறினேன். அழுது வீங்கிய முகத்தோடு அவள் சிரித்தாள்.

"உங்ககிட்ட பூனை இல்லன்னு அம்மாவுக்கு ஆரம்பத்திலயே தெரியும் மாமா. பூனை வச்சிருக்கிறவரு ஒரு நாளாவது அதைத் திட்டியிருப்பாரு, இவரு திட்டவே இல்லையேன்னு சொல்வாங்க. அதனாலதான் இத உங்களுக்கே குடுக்கச் சொன்னாங்க."

அப்படியானால் இத்தனை நாளாக "சாப்பிட்டுச்சா" என்று யாரைக் கேட்டார்? பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நோர்வூட் வரை யோசித்தேன். பஸ்ஸில் கண்டாக்கு போட்ட அதட்டலில் கண்டக்டரே எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வியும் இந்தப் பூனையும். சிறுத்தையை நம்ப வேண்டாம். ஆற்றையும், ஊத மறந்த ரயிலையும், கண்டக்டரையும்கூட விட்டுவிடுங்கள். ஆனால் இன்று காலை கண்டாக்கு என் தட்டிலிருந்த கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது. "சனியனே, நில்லு" என்று வாசல் வரை துரத்தித் திட்டினேன்.

அந்தச் சின்ன விஷயம் மட்டும் சத்தியமாக உண்மை.