ஒரே ஸ்டாண்டின் இரு பக்கம்

வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவை வாசிப்பவர்களின் வரிசையில், மூன்றாவது இசைத்தாள் ஸ்டாண்டின் முன் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் ஒருவரோடொருவர் பேசிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. முழங்கை உரசும் தூரம். இருவருக்கும் சேர்த்து ஒரே இசைத்தாள். ஆனாலும் ஒரு வார்த்தை கிடையாது.

பெய்ஜிங்கில் இருந்த அந்த சிம்பொனி இசைக்குழு நாட்டின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. வானொலியில் அது வாசிக்கும்போது, எங்கோ வடக்கு எல்லையில், ஹெய்லோங்ஜியாங் பனியில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் வயலினையும் வில்லையும் எடுத்துக்கொண்டு கூடவே வாசித்துப் பார்ப்பாராம். இரும்பாலை ஊருக்குப் போனால் தொழிலாளிகள் குளித்து, சட்டை மாற்றி, பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். புதிதாக எழுதும் சீன இசையமைப்பாளன் எவனும், தன் படைப்பை அந்தக் குழு ஒரு தடவை வாசித்தால் போதும் என்று தவம் கிடப்பான். அப்படிப்பட்ட குழுவின் நடுவில்தான் யுன்ஜி தன் வாழ்நாளையே கழித்துக்கொண்டிருந்தாள், யாரும் இல்லாதவளாக.

மேடைக்கு வெளிப்பக்கம், சபைக்குத் தெரியும்படி உட்காருபவள் பெய்லான். உட்பக்கம் யுன்ஜி. பக்கம் திருப்புவது எப்போதும் உட்பக்கத்தவரின் வேலை. வெளிப்பக்கத்தவர் விடாமல் வாசிப்பார். பெய்லான் லேசாகத் தாடையை அசைப்பாள், யுன்ஜி வில்லை மடியில் வைத்துவிட்டுத் தாளைத் திருப்புவாள். சண்டை வந்த புதிதில், ஆத்திரத்தில், வேண்டுமென்றே ஒரு கணம் தாமதமாகத் திருப்பினாள். பெய்லான் சளைக்கவில்லை. அடுத்த பக்கத்தின் முதல் வரிகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிட்டாள். ஒரு வாரத்தில் யுன்ஜிக்கே வெட்கமாகிவிட்டது.

சண்டை ஒரு வீட்டைப் பற்றியது. குழுவின் குடியிருப்பில் ஓர் அடுக்குமாடி வீடு காலியானது. இருவருமே கேட்டிருந்தார்கள். தெற்குப் பார்த்த ஜன்னல். குடும்பஸ்தர்களுக்குத்தான் வீடு, தனியாள் விடுதி அறையோடு சரி. யுன்ஜியின் கணவன் வூஹானில் வேலையாக இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். விவாகரத்து ஆனதை அவள் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லி அழுதிருந்தாள். அந்த ஆள் பெய்லான். வீடு ஒதுக்கும் கமிட்டி முடிவு சொன்னபோது யுன்ஜியின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. வீடு பெய்லானுக்குப் போனது.

அன்றிலிருந்து யுன்ஜி அதே விடுதி அறையில். பொது நடைபாதையில் அடுப்பு, குளிரில் விறைத்துக் கிடக்கும் முட்டைக்கோஸ், ஒருத்திக்கு மட்டும் வேகும் சோறு. மத்தியானத் தூக்க நேரத்தில் யாரும் வாத்தியத்தைத் தொடக்கூடாது என்பது குடியிருப்புச் சட்டம். அந்த நிசப்தம்தான் அவளைத் தின்றது. மற்ற நேரமெல்லாம் நாலு சுவரிலிருந்தும் யாராவது துணைக்கு வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமைப் பகல் கச்சேரி. பெய்லானுக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. இதுவே கடைசி. நாளைக் காலை ரயிலில் ஷென்ஜென்னுக்கு, மகன் வீட்டுக்குப் போகிறாள். இன்றைக்குள் ஒரு வார்த்தை பேசாவிட்டால் இனி இந்த ஜென்மத்தில் இல்லை. அது யுன்ஜிக்குத் தெரியும். வார்த்தைதான் வரவில்லை.

மேடைக்குப் பின்னால், மூடிபோட்ட கண்ணாடிப் பாட்டிலில் தேநீரை உறிஞ்சியபடி பெய்லான் சொன்னாள், "சின்ன லுவோ, உள்பக்கத்து அம்மாகிட்டக் கேளு. ரெண்டாவது பாகத்துல மேல்சுரம் நான்தானே?"

பின் ஸ்டாண்டு இளைஞன் லுவோ, ஒரு முழம்கூடத் தள்ளி இல்லாத யுன்ஜியிடம் திரும்பினான். "அக்கா, மேல்சுரம் அவங்கதானே?"

"எப்பவும் மேல அவங்கதான்னு சொல்லு. வீட்டுலயும் சரி, இங்கயும் சரி."

"இதை நான் சொல்லமாட்டேன்பா," என்றான் லுவோ. "உங்க ரெண்டு பேருக்கும் தபால் தூக்கியே எனக்கு முடி கொட்டிப்போச்சு. நாளையிலேர்ந்து எனக்கு வேலையே இருக்காது."

"வாயை மூடிட்டு வில்லுக்கு ரோசின் பிசின் தேய்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் மேடைக்கு நடந்தார்கள்.

அரங்கம் நிறைந்திருந்தது. வயலின் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள், அவர்களை அதட்டியபடி பெற்றோர்கள். இரண்டாவது பாகம், மிக மெதுவான பாகம். வியோலாக்கள் மட்டும் தனியாக மெட்டை ஏந்திப்போகும் இடம் வந்தது. சுளீரென்று ஒரு சத்தம். பெய்லானின் தந்தி அறுந்து கன்னத்தில் அடித்தது.

இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிப்பக்கத்தவரின் தந்தி அறுந்தால், உட்பக்கத்தவர் தன் வாத்தியத்தைக் கொடுத்துவிட்டு அறுந்ததை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். பெய்லான் கை நீட்டவில்லை. கேட்க அவளுக்கு வாயில்லை. தன் கடைசிக் கச்சேரியில், கண் கலங்க, செத்த வாத்தியத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

யுன்ஜியின் கைகள் அவளைக் கேட்காமலே நகர்ந்தன. தன் வியோலாவை பெய்லானின் மடியில் வைத்து, அவளுடையதை உருவி எடுத்தாள். அடுத்த வரியில் பெய்லான் வாசித்துக்கொண்டிருந்தாள், மேல்சுரத்தை.

யுன்ஜி அறுந்த வியோலாவை மடியில் பார்த்தாள். தாடை வைக்கும் இடத்தில் எப்போதும் விரித்திருக்கும் வெள்ளைக் கைக்குட்டை பெய்லானின் தோளிலேயே தங்கிவிட்டது. அதன் அடியில் ஒரு நீலத் துணித் திண்டு. சுற்றிலும் மஞ்சள் நூல் தையல். யுன்ஜி அதை விரலால் தடவினாள். தாடையில் புண்ணாகிறது என்று பெய்லான் புலம்பிய ஒரு குளிர்காலத்தில், தன் பழைய கோட்டின் காலரை வெட்டி யுன்ஜியே தைத்துக் கொடுத்தது. நீல நூல் கிடைக்காமல் மஞ்சள் நூலில் தைத்தது. ஓரங்கள் தேய்ந்து, பிரிந்து, மறுபடி மறுபடி தைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு தடவையும் அதே மஞ்சள் நூலில்.

இத்தனை காலமும் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. ஒரு கைக்குட்டை மறைத்திருக்கிறது. கண்ணீர் மறைக்க, பெய்லான் தாடையை அசைத்ததைப் பாராமலே யுன்ஜி சரியான கணத்தில் பக்கத்தைத் திருப்பினாள்.

கச்சேரி முடிந்தது. வாத்தியங்கள் வைக்கும் அறையில் யாரும் இல்லை. வாத்தியம் இசைக்குழுவின் சொத்து, ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பெய்லான் அந்த நீலத் திண்டைக் கழற்றித் தன் பையில் வைத்தாள்.

"அது எதுக்கு?" என்றாள் யுன்ஜி. அவ்வளவுதான் வந்தது.

பெய்லான் திரும்பவில்லை. "இது ஆபீஸ் சொத்து இல்ல. நீ தைச்சது."

பெய்லான் பையின் வாயை இழுத்து மூடினாள்.

"கமிட்டில உன் புருஷனைப் பத்திக் கேட்டாங்க, யுன்ஜி. தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். ரெண்டு பிள்ளைங்க, மாமியா, ஒரே ரூம்... தெரியாதுன்னு சொல்லல."

"தெரியும்."

"ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே நீ."

"திட்டியிருந்தா அப்புறம் பேச வேண்டி வந்திருக்கும்." யுன்ஜி வில்லின் மயிரைத் தளர்த்தினாள். "தெற்கு ஜன்னல். நல்லா வெயில் வருமாமே?"

"வருது. குளிர்காலத்துல கட்டில் வரைக்கும் வருது." பெய்லான் அவள் பக்கம் திரும்பினாள். "ஸ்டேஷனுக்கு வாயேன் காலையில."

"ஒத்திகை இருக்கு அக்கா."

பொய்யில்லை, ஒத்திகை இருந்தது. ஆனால் 'அக்கா' என்ற சொல் கேட்டதும் பெய்லான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனாள். வாசல்வரையாவது போக யுன்ஜி நினைத்தாள். போகாமல், தன் வியோலாவைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

மறுநாள் காலை வெளிப்பக்க நாற்காலி யுன்ஜிக்கு. அவள் இடத்தில் சின்ன லுவோ. ரயில் இந்நேரம் ஊரைத் தாண்டியிருக்கும் என்று நினைத்தபடியே வாசித்தாள். பக்கத்தின் கடைசி வரி வந்ததும் அவள் கை தானாகத் தாளுக்குப் போனது. அங்கே ஏற்கெனவே இன்னொரு கை இருந்தது.

"அக்கா," என்று கிசுகிசுத்தான் லுவோ, "அது இனிமே என் வேலை."

யுன்ஜி கையை இழுத்துக்கொண்டாள். பக்கம் திரும்பியது. கொஞ்சம் தாமதமாக.